4,800 டாலர் ஜோர்டான் கார்டு: பச்சை டிக்கை நம்பாதீர்கள்

4,800 டாலர். ஒரு போலி பாஸ்கெட்பால் கார்டுக்கு 4,800 டாலர் கொடுத்திருக்கிறேன். இன்று காலை அந்த விற்பனைச் செயலியிடமிருந்து மின்னஞ்சல்: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்தார்கள், என்ன முடிவு, ஒரு வரி விளக்கம் கிடையாது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போட முடியாது. விவகாரம் இன்னும் என் வங்கியிடம் இருக்கிறது. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளை வாங்கவும் விற்கவும் மட்டுமே இருக்கும் ஒரு செயலி, அவ்வளவுதான் சொல்வேன். அமெரிக்காவில் கார்டு சேர்க்கும் நம்மவர்களில் பலரின் போனில் அது இருக்கும். கடைசியில் எப்படித் தப்பிப்பது என்றும் எழுதுகிறேன்.

வாங்கியது 1986இல் ஃபிளியர் கம்பெனி போட்ட மைக்கேல் ஜோர்டான் கார்டு, 57ஆம் எண். தெரியாதவர்களுக்காக: பாஸ்கெட்பால் கார்டுகளை டாப்ஸ் நிறுவனம் 80களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. சில வருடம் பெரிய கம்பெனி எதுவும் அந்தப் பக்கமே வரவில்லை. 1986இல் ஃபிளியர் இறங்கியபோது, அந்த இடைவெளியில் ஆட வந்த ஜோர்டான், பார்க்லி, யூயிங், ஒலாஜுவான், கார்ல் மலோன் எல்லாரும் ஒரே 132 கார்டு தொகுப்புக்குள் வந்து விழுந்தார்கள். ஜோர்டானுக்கு அதற்கு முன்பே ஸ்டார் என்ற சிறிய கம்பெனி கார்டு போட்டிருந்தது. ஆனால் அது கடைகளில் பாக்கெட்டாக விற்கவில்லை, அதனால் பெரும்பாலானவர்கள் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய முதல் கார்டு, என்று சொல்வது ஃபிளியரைத்தான். சிவப்பு, நீலம், வெள்ளை ஓரம். மூலையில் லேசாக உரசினாலே வெள்ளை தெரிந்துவிடும், ஆகவே பழுதில்லாமல் கிடைப்பது கஷ்டம். 2021 தொடக்கத்தில் கிரேடு 10 (கார்டின் நிலையைப் பார்த்துத் தரச்சான்று நிறுவனம் போடும் மதிப்பெண், 10தான் உச்சம்) வாங்கிய பிரதி ஒன்று 7,38,000 டாலருக்குப் போனது. சில மாதங்களிலேயே அதில் பாதிக்கும் கீழே இறங்கியது என்பது வேறு கதை.

ஒரு அட்டைத் துண்டுக்கு ஏன் இவ்வளவு என்று என் மனைவியும் கேட்டாள். "ஏங்க, சின்ன வயசுல பபிள்கம் கூட வந்த கிரிக்கெட் படம் மாதிரிதானே இது?" மாதிரிதான். இதுவும் பபிள்கம்மோடுதான் வந்தது. ஆனால் விலை அழகைப் பார்த்து ஏறுவதில்லை. எத்தனை மிஞ்சியது, எந்த நிலையில் மிஞ்சியது, யாருடைய படம், இந்த மூன்றும்தான்.

ஹோனஸ் வாக்னர் கார்டை எடுங்கள். 1909இலிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் கார்டுகள். வாக்னர் தன் படத்தைப் போடக்கூடாது என்று நிறுத்திவிட்டார். புகையிலை பிடிக்காமல் என்பார்கள் சிலர், காசு தராததால் என்பார்கள் சிலர். எதுவானாலும் இன்று தெரிந்தவரை சுமார் 60 பிரதிகள்தான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு இன்னும் வேடிக்கை. அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை, 1951இல் போமன் கம்பெனி போட்டதுதான் முதல். ஆனால் 1952 தொகுப்பின் கடைசிப் பகுதி சீசன் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்ததால் விற்கவில்லை. கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960இல் டாப்ஸின் சை பெர்கர் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார். கொட்டியது போக மிஞ்சியதில் ஒன்று, 9.5 கிரேடு, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலர். 2025 ஆகஸ்டில் ஜோர்டானும் கோபி பிரையன்டும் கையெழுத்திட்டு, இருவரின் ஜெர்சியிலிருந்தும் வெட்டிய என்பிஏ லோகோ பதித்த ஒற்றைப் பிரதி 1 கோடியே 29 லட்சத்தைத் தாண்டி அதை முந்திவிட்டது.

நமக்கு அந்த உயரமெல்லாம் எட்டாது. கிரேடு 8 ஜோர்டான் ஒன்று, மகன் பெரியவனானதும் அவன் கையில் கொடுக்க. அவ்வளவுதான் ஆசை.

அந்தச் செயலியில் விற்றவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்." நூற்றுக்கணக்கில் நல்ல மதிப்புரைகள். 5,300 கேட்டிருந்தார். விசாரித்ததும் வீடியோ காலில் காட்டுகிறேன் என்று அவரே சொன்னார். இந்த இடம்தான் நண்பர்களே, இங்கேதான் விழுந்தேன். வயதான மனிதர், பின்னால் சுவர் முழுக்க ஜோர்டான் ஆடிய ஷிகாகோ புல்ஸ் அணியின் படங்கள். தரச்சான்று நிறுவனம் கார்டை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியை, அதாவது ஸ்லாபை, வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். லேபிளில் இருந்த சான்று எண்ணை வாய்விட்டு வாசித்து, "இப்போதே தரச்சான்று நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். போட்டேன். 1986 ஃபிளியர், மைக்கேல் ஜோர்டான், 57, கிரேடு 8. அச்சு அசலாக வந்தது. "நீங்கள் கேட்காமலே சரிபார்க்கச் சொல்லும் விற்பனையாளர் அபூர்வம், இல்லையா?" என்று சிரித்தார். விலையையும் அவரே 4,800 ஆக்கினார். பையனுக்கு என்று சொன்னேனே, அதற்காகவாம்.

பணம் செயலி வழியாகத்தான் போனது, கடன் அட்டையில். தனியாக அனுப்பச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. எல்லாம் முறைப்படி.

கார்டு வந்தபோது வேலை விஷயமாக வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து, பக்கத்து ஊரில் நடந்த கார்டு ஷோவுக்கு எடுத்துப் போனேன், பெருமைக்குத்தான். அங்கே பழைய கார்டுகள் விற்கும் ஒருவர் கையில் வாங்கியவுடனே முகம் மாறியது. பெட்டியின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளும் ஒட்டும் கோடு பால் போல வெளுத்திருந்தது, ஒரு மூலையில் பசை தடவிய தடம். அப்புறம் சிறிய பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அசல் கார்டில் படம் மட்டும்தான் சிறு சிறு வண்ணப் புள்ளிகளால் ஆனது. பெயர் எழுத்தும் கோடுகளும் முழு மையில் அடித்தவை, ஓரம் கத்தி மாதிரி இருக்க வேண்டும். அசலை ஸ்கேன் செய்து அடித்தால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். என் ஜோர்டானின் பெயர் முழுக்கப் புள்ளி.

தரச்சான்று நிறுவனத்துக்கே அனுப்பினேன். பெட்டி தங்களுடையது இல்லை, உள்ளே இருப்பதும் போலி என்று எழுத்தில் கொடுத்தார்கள். எண் மட்டும் உண்மை. எங்கேயோ யாரிடமோ இருக்கும் அசல் கார்டின் எண்ணைத் திருடி லேபிளில் அடித்திருக்கிறார்கள். பழைய சான்றுகள் பலவற்றுக்குத் தளத்தில் புகைப்படம் இருக்காது, எழுத்து விவரம் மட்டும்தான். வேண்டுமென்றே அப்படிப்பட்ட எண்ணாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஆள் ஏன் அவ்வளவு ஆர்வமாக என்னைச் சரிபார்க்கச் சொன்னார் என்று இப்போது புரிகிறதா?

சரி, பச்சை டிக் கொடுத்த செயலி இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று புகார் செய்தேன்.

முதலில் இயந்திரம் பேசியது. பிறகு ஒரு மனிதர்: "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது." சான்று எண் பொருந்துவதால் பொருள் விவரித்தபடியே இருக்கிறது என்றார். எண்ணைத்தான் திருடியிருக்கிறார்கள் என்றேன். நிபுணர் கடிதம் வேண்டும் என்றார். கொடுத்தேன். அடுத்து வேறொருவர் வந்தார், முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கார்டு கைக்கு வந்து மூன்று நாளைக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம், கடிதத்தின் தேதி அதற்குப் பிறகாம். மூன்று நாளில் எந்தத் தரச்சான்று நிறுவனமாவது கடிதம் கொடுக்குமா? அதற்குப் பதில் இல்லை. மூன்றாவதாக வந்தவர்தான் உச்சம்: "நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பிய கார்டும் எங்கள் விற்பனையாளர் அனுப்பிய கார்டும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" அதாவது நான்தான் கார்டை மாற்றிவிட்டேன்! 4,800 டாலரும் என்னுடையது, திருடனும் நானே.

பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். விற்பனையாளரின் முகவரியும் வங்கிக் கணக்கும் சரிபார்க்கப்பட்டவை என்று அர்த்தமாம். கார்டை யாரும் பார்ப்பதில்லை. கார்டு விற்கும் செயலியில் கார்டைத் தவிர எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள்.

விற்றவர் ஒரே ஒரு பதில் போட்டார்: இறந்துபோன ஒருவரின் வீட்டுப் பொருள்களோடு மொத்தமாக வாங்கினேன், எனக்கு எதுவும் தெரியாது, விற்றது விற்றதுதான். அத்தோடு என்னைத் தடுத்துவிட்டார். வங்கியில் ஆட்சேபம் போட்டேன். கார்டு வந்து சேர்ந்ததற்கு என் மனைவி போட்ட கையெழுத்தை ஆதாரமாகச் செயலி அனுப்பியிருக்கிறது. வந்து சேரவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? உள்ளூர் போலீஸ் புகாரை வாங்கி ஒரு எண் கொடுத்தார்கள், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிந்திருக்கிறேன். இதுவரை சத்தமே இல்லை.

"ஸ்லாபில் இருந்தால் பயமில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் வராதீர்கள். கார்டு உலகத்தின் மிகப் பிரபலமான வாக்னரே ஸ்லாபில்தான் இருந்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991 ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கியது, பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் முதன்முதலாகக் கிரேடு கொடுத்த கார்டு, 8 வாங்கியது. அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியதே நான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை. அந்தக் கார்டு மட்டும் இடையில், 2007இல், 28 லட்சம் டாலருக்கு விற்றது! பெரிய மனிதர்கள் கையில் போனால் வெட்டிய கார்டுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடும். என் கையில் இருப்பது என்ன விலை போகும்? பெட்டியோடு சேர்த்து இரண்டு டாலர்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எதுவும் ஓடவில்லை. எண் பொருந்தினால் மட்டும் போதாது, தளத்தில் புகைப்படம் உள்ள எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். கார்டு எந்தப் பக்கம் சாய்ந்து அச்சாகியிருக்கிறது என்று அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டி ஒட்டிய கோட்டைப் பாருங்கள். பூதக்கண்ணாடி பத்து, பதினைந்து டாலர்தான். பார்சல் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், இல்லாவிட்டால் திருடன் நீங்கள்தான். ஊரில் இல்லாத நேரத்தில் பார்சலை வரவைக்காதீர்கள். சந்தைக்குக் கீழே விலை இறக்கி, குழந்தையைப் பற்றி அன்பாக விசாரிக்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆளின் பக்கத்தை நண்பர் கணக்கிலிருந்து பார்த்தேன். பச்சை டிக் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு இன்னொரு 1986 ஃபிளியர் ஜோர்டான் ஏற்றியிருக்கிறார். இதுவும் கிரேடு 8தான், 4,950 டாலர். ஏழு பேர் ஏற்கெனவே விருப்பப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அந்த ஏழில் நீங்கள் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், என்னிடம் உள்ள கார்டின் படங்களை அனுப்புகிறேன்.