முழுநேர வளாகமா, யூனிசாவா? கிட்பேக் தூக்கிப் படித்தவனின் கணக்கு

பெரியம்மா மகனும் நானும் ஒரே வருஷம் மெட்ரிக் (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) முடித்தோம், டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரே கிரிக்கெட் கிளப்பில் பந்து போட்டோம். 2022இல் வழி பிரிந்தது. அண்ணன் (மூன்று மாதம்தான் மூத்தவன், ஆனாலும் அந்த மரியாதை வேண்டுமாம்) தென்னாப்பிரிக்காவின் அஞ்சல்வழிப் பல்கலைக்கழகமான யூனிசாவில் தொலைதூரப் படிப்பில் சேர்ந்து கிளப்பிலேயே ஆடினான். நான் டர்பனில் ஒரு வளாகத்தில் முழுநேரமாகச் சேர்ந்து வர்சிட்டி (பல்கலைக்கழக) அணிக்கு ஆடினேன். இப்போது சித்தப்பா பையன் மெட்ரிக் எழுதப் போகிறான். இடது கை சுழல், கெமிஸ்ட்ரி ஆசை. "எதுலண்ணா சேரட்டும்?" என்கிறான்.

என் ஓட்டு வளாகத்துக்கு. ஆனால் மூன்றே வருஷத்தில் முடிக்கிறேன் என்று வீம்பு பிடிக்கக் கூடாது.

யூனிசாவில் கட்டணம் குறைவு, டாக்ஸி காசு மிச்சம், பகலில் வேலைக்குப் போகலாம். வளாகத்தில் மைதானம், ஜிம், கூட்டாளிகள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் தாத்தாவுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. 1961இல் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் திறந்த கல்லூரிக்குப் படகில் போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள முடியாமல் நாங்கள் முழிப்பதைப் பார்த்தால் சிரித்திருப்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. என் படிப்பில் ஒரு மாடியூல் (ஒரு பாடம்) 16 கிரெடிட், அதாவது 160 மணி. செமஸ்டருக்கு நான்கு எடுத்தால் 640. தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 36 மணி. கிரிக்கெட்டுக்கு நெட் (வலைப் பயிற்சி) இரண்டு நாள், ஜிம், சனிக்கிழமை மேட்ச் எல்லாம் சேர்த்து 18 மணி. மொத்தம் 54. முதல் வருஷம் அதைச் சமாளித்தேன். தூக்கம்தான் குறைந்தது. ஆகவே நேரம் போதாது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். என்னைக் கவிழ்த்தது டிபி.

டிபி என்றால் தேர்வு எழுதும் தகுதி. வகுப்பு மார்க்கும் வருகையும் போதுமான அளவு இருந்தால்தான் தேர்வு மண்டபத்துக்குள் விடுவார்கள். என் கெமிஸ்ட்ரி மாடியூலில் 10 லேப், அதில் எட்டு கட்டாயம். வியாழக்கிழமை 2 முதல் 5 வரை லேப், 3:30க்கு நெட். எந்த முட்டாளும் பார்த்ததும் சொல்லிவிடுவான் இது ஒத்துவராது என்று. நான் பார்க்கவில்லை. லேப்பிலிருந்து 5:10க்கு ஓடிப்போய்க் கடைசி அரை மணி நேரம் பந்து போடுவேன், கையில் அமோனியா வாடையோடு. முதல் லேப் விரல் வீங்கியதில் போனது. இரண்டாவது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மேட்ச். மூன்றாவதும் மேட்ச்தான். லேப்புக்கு வராததற்குக் கோச் கடிதம் தருவார் என்று நம்பிப் போனேன். அது நட்பு ஆட்டம், அதிகாரபூர்வமான போட்டிக்குத்தான் கடிதம் செல்லும் என்று பிறகுதான் தெரிந்தது.

மே மாதம் லேப் கதவுக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டினார்கள். பெயர் இருக்காது, மாணவர் எண் மட்டும். என் எண்ணுக்கு நேரே வகுப்பு மார்க் 64, அதற்கடுத்த கட்டத்தில் டிபி மறுப்பு. கிட்பேக் தோளில் அறுத்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அந்த எண்ணை நான்கு தடவை படித்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா, "பரீட்சை எழுதி ஃபெயிலானவனப் பாத்திருக்கேன். எழுதாமயே ஃபெயிலானவன் நீதான்டா" என்றாள்.

அந்த மாடியூல் முதல் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் இரண்டுக்கு அதுதான் படிக்கட்டு. ஒரு வியாழக்கிழமை ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. மொத்தம் 24 மாடியூல். செமஸ்டருக்கு மூன்று என்று வைத்தால் எட்டு செமஸ்டர், நான்கு வருஷம். வாரக் கணக்கு 54இலிருந்து 45க்கு இறங்கும். எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அடுத்த பாடத்துக்குப் படிக்கட்டாக இருப்பதைத் தொடவே கூடாது, விருப்பப் பாடத்தைத் தள்ளலாம். பிப்ரவரியில் பதிவு வாரத்தில் லேப் குழு தேர்வு செய்ய விடுவார்கள், முந்தியவனுக்கு நல்ல நாள். நான் காலை ஏழு மணிக்கே போய் நின்று திங்கட்கிழமையை வாங்கினேன். நெட் செவ்வாய், வியாழன். இரண்டும் அதன்பின் ஒரு தடவைகூட மோதவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் வாரமும் நவம்பர் தேர்வு முடிந்து டிசம்பரில்தான் வரும். அதனால் வார இறுதி லீக் மட்டும்தான் தேர்வோடு உரசும். புரட்டாசியில் சீசன் தொடங்கும்போது மேட்ச் முடிந்து பீன்ஸ் பன்னியோடு (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் டர்பன் சாப்பாடு) நூலகத்துக்குப் போன சனிக்கிழமைகள் உண்டு. மட்டன் பன்னி தின்றவன் நேராகப் படுக்கத்தான் போவான்.

யூனிசா பற்றி எனக்குத் தெரிந்தது அண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அவன் வணிகம் படித்தான், லேப் கிடையாது, வாரத்தில் எந்த நாளும் ஆடலாம். பகலில் ஹார்ட்வேர் கடையில் வேலை, மாலையில் நெட், இரவில் புத்தகம். 2023இல் அந்த இரவைத்தான் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) விழுங்கியது. எட்டு மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து வரை கரண்ட் இருக்காது. ஆனால் அவனைப் பின்தங்கவைத்தது இருட்டில்லை. "சீசன் நல்லாப் போகுது, ரெண்ட இந்தத் தடவ விட்டுட்டேன்" என்று மூன்று தடவை சொன்னான். பட்டியல் ஒட்டிப் பயமுறுத்த அங்கே கதவில்லை. இன்னும் அவனுக்கு நான்கு மாடியூல் பாக்கி. அதே சமயம், மாகாண அணியில் கூப்பிட்டிருந்தால் அவன் அன்றே கிளம்பியிருப்பான். என்னால் முடிந்திருக்காது. அவ்வளவு திறமை உள்ளவனுக்கு அவன் வழி பொருந்தலாம்.

அப்படிச் சொல்லும்போதே தென்னாப்பிரிக்க டெஸ்ட் வீரர் செனுரான் முத்துசாமி குறுக்கே வருகிறார். 1994இல் டர்பனில் பிறந்தவர், நாகப்பட்டினத்து வேர், குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர், 2019இல் விசாகப்பட்டினத்தில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் அவரைக் காட்டித்தான் பேசுவார்கள். ஒருவரை வைத்து ஊருக்கே கணக்குப் போட முடியாது என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

சித்தப்பா பையனுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. யூனிசாவில் கெமிஸ்ட்ரி எடுத்தால் லேப்புக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஃபுளோரிடா வளாகத்துக்குப் போக வேண்டும். டர்பனிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். வியாழக்கிழமைக்கே தவித்தவன் நான்.

"மூணு மூணா எடுத்தா அப்பா ஒத்துக்குவாரா?" என்று கேட்டான். கட்டணம் மாடியூல் கணக்கில்தான், குறைவாக எடுத்தால் அந்த வருஷம் குறைவாகத்தான் வரும் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். நான்காம் வருஷத்து டாக்ஸி காசை மட்டும் இன்னும் சொல்லவில்லை.