நாவல் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லி 78,000 ரூபாய்: எழுதும் சம்சாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

ஊரில் இருந்துகொண்டு வெள்ளாமைக்கு நடுவே கதையும் நாவலும் எழுதிவரும் சம்சாரி (எங்கள் பக்கத்தில் விவசாயி) நண்பர்களுக்காக இதைப் பதிவிடுகிறேன். எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் அச்சிட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையப் பதிப்புச் சேவையிடம் 78,000 ரூபாயை இழந்திருக்கிறேன். வழக்குப் போடவிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் எனக்கு இருப்பது மானாவாரி நிலம். புரட்டாசியில் விதைத்து, தையில் உளுந்தை எடுத்து, மாசிக்குள் மக்காச்சோளத்தையும் களம் சேர்த்துவிட்டால், அடுத்த விதைப்பு வரை கிடைக்கும் மாதங்களே நான் உட்கார்ந்து எழுதும் காலம். இந்த நாவல் மட்டும் அப்படி எழுதப்பட்டதன்று. காட்டுப்பன்றி சோளத்தைச் சாய்த்துவிடாமல் இரவுக் காவல் இருந்தபோது, பரண்மேல் சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு நோட்டுகளில் எழுதி, பிறகு என் மகள் தட்டச்சு செய்து கொடுத்தது. 78,000 ரூபாய் என்பது நகரத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியாது. 2025-26 பருவத்தில் உளுந்துக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலை கைக்கு வந்தால்கூட, நான் கொடுத்தது முழுதாகப் பத்துக் குவிண்டால் உளுந்து.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சாகித்திய அகாதமி விருதை 1991இல் பெற்ற கி. ராஜநாராயணன் சம்சாரியாக வாழ்ந்த இடைசெவல் எங்களுக்கு அருகில்தான். அந்தப் பதிப்புச் சேவையிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் அதைத் தெரிந்துவைத்திருந்தார். “ஐயா, கி.ரா. உழுத மண்ணிலிருந்து இன்னொரு சம்சாரி எழுதியிருக்கிறார் என்றதும் எங்கள் ஆசிரியர் குழு ஒரே மூச்சில் படித்துவிட்டது” என்றார். மூன்றாம் அத்தியாயத்தில் கிணறு வற்றும் பகுதியை எடுத்துச் சொல்லி, கண்கலங்கியதாகவும் கூறினார். எங்கள் வீட்டிலேயே யாரும் அந்த அத்தியாயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதில்லை. அன்று மாலையே முன்பணமாக 40,000 ரூபாய் அனுப்பினேன். அட்டைப்படத்தைக் காட்டிய பிறகு மீதி 38,000 போயிற்று. (தஞ்சைப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரிடம் இதே வசனத்தைக் காவிரியைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.)

ஒப்புக்கொண்டது 500 பிரதிகள், மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண், அரசு நூலகங்கள் நூல் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பம், சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை. வந்து சேர்ந்தது 60 பிரதிகள் கொண்ட ஒரே ஒரு பார்சல். மெய்ப்புத் திருத்தத்தை மனிதர் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நாவல் முழுவதும் கமலை (மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு) என்று நான் எழுதியிருந்ததெல்லாம் கமலா என்று அச்சாகி, எங்கள் ஊர்க் கிணற்றில் கமலா என்ற ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறாள். புத்தகக் காட்சிக்குச் சென்ற உறவினர் எவ்வளவு தேடியும் அவர்கள் சொன்ன எண்ணில் இருந்தது வேறொருவரின் அரங்கு.

கேட்கத் தொடங்கியதும் ‘ஐயா’ போய் ‘சார்’ வந்தது. முதலில் அச்சகத்தில் இயந்திரம் பழுது என்றார்கள். பிறகு காகிதத் தட்டுப்பாடு என்றார்கள். அதற்கும் பிறகு, உங்கள் புகார் தொழில்நுட்பக் குழுவிடம் இருக்கிறது என்று, எந்த நேரத்தில் அனுப்பினாலும் அதே வாசகம் தானாக வந்து விழுந்தது. என் நாவலைப் படித்துக் கண்கலங்கிய அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கடைசியாகப் பேசியவர், நாவலின் கணினிக் கோப்பையும் உரிமையையும் திருப்பித் தர மேலும் 15,000 ரூபாய் ‘விடுவிப்புக் கட்டணம்’ கேட்டார். 78,000 ரூபாயை விழுங்கியவர்கள், நான் எழுதியதை எனக்கே விற்கப் பார்க்கிறார்கள்!

ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என எல்லா உரிமையும் அவர்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது; எத்தனை ஆண்டுகளுக்கு என்பது மட்டும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கானதாகக் கொள்ளப்படும் என்று அவர் விளக்கினார். அவர்கள் வாக்குத் தவறியதைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாவிட்டால், ஐந்து ஆண்டுகள் வேறு பதிப்பகத்தின் வாசலுக்கு இந்த நாவலைக் கொண்டுபோக முடியாது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணமே கிடையாது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று எவரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இவர்கள் என்னிடம் அதற்கு 6,000 ரூபாய் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கு இல்லாத உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். மெய்ப்பு முழுவதையும் உங்கள் கண்ணால் பார்க்காமல் இரண்டாம் தவணையை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. அந்தத் தஞ்சை நண்பரும் நானும் ஆளுக்கொரு வழக்குப் போடுகிறோம். இதே தளத்திடம்தான் பணம் கொடுத்தோமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் தனிச்செய்தியில் கேட்டால் பெயரைச் சொல்கிறேன்.