பழைய வரிமுறையா, புதியதா? யார் வாக்கை நம்புவது?

ஜனவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் ரசீது வேட்டை தொடங்கிவிடும். எல்.ஐ.சி. பிரீமியம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வாடகை ரசீது என்று மேஜை நிறையும். பக்கத்து மேஜை நண்பர் மட்டும் இம்முறை கை வீசிக்கொண்டு வந்தார். புதிய வருமான வரிமுறைக்கு மாறிவிட்டாராம். பழைய முறையில் சேமிப்பு, வாடகை, கடன் வட்டி என்று ரசீது காட்டி வரியைக் குறைக்கலாம்; புதியதில் விகிதம் குறைவு, ஆனால் அந்தக் கழிவுகளில் பெரும்பாலானவை கிடையாது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். 2025 பட்ஜெட் அறிவித்த விகிதப்படி, புதிய முறையில் நிலையான கழிவு (ரசீது இல்லாமலே சம்பளக்காரருக்குக் கிடைப்பது) 75,000 போக, செஸ் எனும் கூடுதல் வரி உட்பட வரி 97,500 ரூபாய். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி (எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புக்கான கழிவு) 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம் என அத்தனையும் காட்டினாலும் 1,40,400. இரண்டும் சமமாக, கழிவுகள் ஏறக்குறைய 6 லட்சத்தைத் தொட வேண்டும். வீட்டு வாடகைப்படி பெரிதாக வாங்குபவர்களுக்குத்தான் அது எட்டும்.

"பழைய முறையை எப்போது ஒழிப்பார்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் எண்ணம். 80சி வரம்பு 2014 முதல் 1.5 லட்சத்திலேயே நிற்கிறது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு தானே தேயும்; மிச்சத்தை விலைவாசி பார்த்துக்கொள்ளும். (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் நம் வாயில் அது 80சிதான்.) சலுகையைச் சத்தமில்லாமல் கத்தரிப்பதும் புதிதல்ல. ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் பி.எஃப். கட்டுபவர்களுக்கு, மிகுதித் தொகையின் வட்டிக்கு 2021 முதல் வரி. பங்கு விற்ற நீண்டகால லாபத்துக்கு 2018இல் திரும்பி வந்த 10 சதவீத வரி, 2024இல் 12.5 ஆனது.

புதிய முறையைப் பற்றிய எதிர்பார்ப்போ நேர் எதிர். வரியில்லா வருமானம் 2023இல் 7 லட்சம், 2025இல் 12 லட்சம். அடுத்தது 15 என்று டீக்கடையிலேயே தீர்மானித்துவிட்டார்கள். ஆனால் அந்த 12 லட்சம் வரி அடுக்கின் எல்லை அல்ல, தள்ளுபடி. அடுக்கு 4 லட்சத்திலேயே தொடங்குகிறது; 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி போட்டு, பிறகு அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். அந்த ஒரு தள்ளுபடியை ஏதோ ஒரு பட்ஜெட் எடுத்துவிட்டால், அடுக்கில் கை வைக்காமலே வரி திரும்பி வந்துவிடும்.

சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம்; தொழில் வருமானம் உள்ளவர் புதியதை விட்டு ஒருமுறை வெளியேறினால், திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்புதான். அவர்கள்தான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

நானும் மாறிவிட்டேன். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை மட்டும் விடவில்லை: கட்டும் பணத்துக்குக் கழிவு போனாலும், வட்டிக்கு இரண்டு முறையிலும் இன்றுவரை வரி இல்லை.