கைவேலை என்று விற்கப்பட்ட பாராங்: பெரிய கத்தி செய்யக் கொடுப்போர் கவனத்திற்கு

பெரிய கத்தி ஒன்றைச் சொந்த அளவுக்குச் செய்து வாங்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் பட்டறை வைத்திருப்பதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்துவரும் ஒருவரிடம், பினாங்கின் பாலிக் பூலாவில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சிறிய பழத்தோட்டத்தில் புழங்குவதற்காக ஒரு பாராங், அதாவது கிளை வெட்டும் பெரிய மலாய் வெட்டுக்கத்தி, செய்யச் சொல்லி 1,800 ரிங்கிட் கொடுத்தேன். கைக்கு வந்து சேர்ந்தது, இணைய அங்காடியில் 85 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற, தொழிற்சாலை அச்சில் அடித்த ஒரு தகடு. விவகாரம் விசாரணைக்குப் போக இருப்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரைக் காட்டிலும், எல்லாவற்றையும் ஒரே கையால் பத்தே நாளில் முடிப்பதாக அவர் சொன்ன காலக்கணக்கு எப்படிப் பொய்யாகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே பயன்படும், ஏனென்றால் அதே கணக்கை வேறு பெயர்களில் வேறு பலரும் சொல்லி விற்கிறார்கள்.

பேசிக்கொண்டது இதுதான். அலகு 14 அங்குலம். எஃகு 5160 என்னும் வகை, அதாவது லோரி ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பயன்படும் எஃகு; 0.6 விழுக்காட்டை ஒட்டிக் கார்பனும் சிறிதளவு குரோமியமும் அதில் இருக்கும். முதுகின் கனம் கைப்பிடியருகே 6 மில்லிமீட்டரில் தொடங்கி, முனைக்குப் போகப் போகப் பாதியாகக் குறைய வேண்டும். கைப்பிடிக்குள் போகும் வால்பகுதி அலகின் தொடர்ச்சியாகவே, பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் ஓட வேண்டும். பிடிக்கு, கெரிஸ் என்னும் மலாய்க் குத்துவாளின் பிடிகளைச் செதுக்கப் பயன்படும் கெமுனிங் மரம். பாதிப் பணம் முதலில், மீதி அனுப்புவதற்கு முன். "பத்தே நாளுங்க அண்ணே, உலையிலேருந்து உறை வரைக்கும் எல்லாம் என் ஒரு கைதான்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. சொன்ன தேதியில் கத்தியும் வந்தது.

பொதியைப் பிரித்தபோது பார்வைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. உலையிலிருந்து எடுத்தது போன்ற கறுப்பும், அலகின் மேற்பாதி நெடுகச் சம்மட்டித் தழும்புகளும் இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அந்தத் தழும்புகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. கைப்பிடியிலிருந்து மூன்றாவதாக இருந்த குழியின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு சின்னக் கீறல். கத்தியைத் திருப்பினால் மறுபக்கத்திலும் அதே மூன்றாவது குழியில், அதே ஓரத்தில், அதே பிறை. மனிதன் அடிக்கும் சம்மட்டி ஒருநாளும் அப்படி விழாது. இரண்டு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்து அழுத்தினால்தான் அப்படி விழும்.

அடுத்ததாக ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அலகின் மேல் தேய்த்து இரவு முழுவதும் விட்டுவைத்தேன். பழைய இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிய வீட்டுக்காரர்களுக்கு, அது எப்படிக் கறுத்துப்போகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 5160 போன்ற எஃகும் புளிப்புப் பட்டால் சாம்பல் நிறமாகக் கறுக்கும். இதுவோ, மேற்பூச்சுக் கறுப்பு கரைந்துபோய், உள்ளே பளபளவென்று வெளுத்து நின்றது. சமையலறைக் கரண்டிக்கு உதவும் துருப்பிடிக்காத எஃகு அது. தோட்டத்தில் கட்டைவிரல் பருமனுள்ள ரம்புத்தான் கிளைகளை வெட்டிப் பார்த்ததில் வெட்டுவாய் அலையலையாக மடங்கியது. பிடியும் ஆடத் தொடங்கியது.

பிடி ஆடிய பிறகு அதைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. பிடியின் இருபுறமும் மும்மூன்று பித்தளைக் கடையாணிகளின் தலைகள் மின்னின. கத்தி முனையால் நெம்பியதும் அவை பொத்தான்கள் போலக் கழன்று விழுந்தன. தலை மட்டும்தான் இருந்தது, உள்ளே ஊடுருவிச் செல்லும் ஆணியே இல்லை. பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். மரத்தைப் பிளந்தால், சாயம் பூசிய வெளிறிய மரம். கெமுனிங்கின் மஞ்சள் ரேகை எங்கேயும் இல்லை. அதற்குள்ளே, முழு அகல வால்பகுதி இருக்க வேண்டிய இடத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி. அந்தக் கம்பியும் அலகின் தொடர்ச்சியன்று. அலகின் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டி, வெல்டிங் மேட்டைச் சாணையில் தேய்த்து, பள்ளத்தைப் பூச்சுக்களிம்பால் நிரப்பியிருந்தார்கள். நெற்றியுயரம் ஓங்கி வெட்டும் கருவியில் இதைச் செய்வது வெறும் பண மோசடியோடு நிற்பதன்று. ஒட்டு விட்டால் பதினான்கு அங்குல அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது, பக்கத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பாயான் லெப்பாஸில் அச்சுக்கருவிப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், பிறை என்னும் ஊரில் பட்டறை நடத்தும் பழைய நண்பரிடம் அலகைக் கொண்டுபோய் ராக்வெல் கடினத்தன்மை பார்க்கச் சொன்னேன்; எஃகு கடினமாக ஆக அதில் எண் கூடும். இப்படிப்பட்ட வெட்டுக்கத்திக்கு 56, 57 என்ற அளவு வர வேண்டும். கருவி 40ஐக்கூடக் காட்டவில்லை. படங்களையும் அளவுத்தாளையும் விற்றவருக்கு அனுப்பினேன். "ஹேண்ட்மேட் அப்படித்தாண்ணே, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், மெஷின் வேலையா இது" என்று ஒரு பதில் வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். மெஷின் வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தும் வந்த அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

ஏனென்றால் உண்மையான கைவேலை எவ்வளவு நேரம் தின்னும் என்பது வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. இவர்கள் பிழைப்பதே அந்தத் தெரியாமையில்தான். உலையில் வைத்த எஃகுப் பட்டையில் ஒரு சூட்டுக்கு நான்கைந்து அங்குல நீளத்தைத்தான் அடித்து வடிவமாக்க முடியும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். செம்மை மங்கிய பிறகும் அடித்தால் உள்ளே விரிசல் விழும். ஆகவே மறுபடி உலை, மறுபடி பட்டடை. அலகு நீளமாக ஆக இந்தச் சுற்றுகள் பெருகும். கைப்பிடியருகே தடித்து முனையில் மெலியும் அந்தச் சரிவைக் கொண்டுவருவது இன்னும் நுட்பமான வேலை. அது இல்லாத பெரிய கத்தி முன்புறம் கனத்துத் தொங்கி, அரை மணி நேரத்தில் மணிக்கட்டை வலிக்கச் செய்துவிடும். அடித்து முடித்தபின் எஃகின் உள்ளிறுக்கம் தணிய, சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடும் வேலையைப் பொதுவாக மூன்று முறை செய்வார்கள்.

காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சல்தான் பெரிய கத்திகளுக்கு ஆபத்தான கட்டம். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். 5160ஐ அதற்கும் மேலே 830 டிகிரி வாக்கில் ஏற்றி, சூடாக்கிய எண்ணெயில் இறக்க வேண்டும். சமையலறைக் கத்தியென்றால் சிறிய மின்னுலை போதும். பிடிப்பகுதியோடு சேர்த்து இருபது அங்குலம் வரும் பாராங் அதற்குள் நுழையாது. முழு நீளமும் ஒரே நிறத்துக்கு வரும்படி நீண்ட உலையில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓரிடத்தில் சூடு மிகுந்தால் அங்கே எஃகின் நுண்மணிகள் பருத்து, அலகு எளிதில் ஒடியும். எண்ணெய்க்குள் இறங்கும் அந்தச் சில நொடிகளில் நீண்ட அலகு வில்லாக வளைவது சாதாரணம். வளைந்ததைச் சூடு முற்றும் ஆறுவதற்குள் நிமிர்த்த வேண்டும். முடியாவிட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் உலைக்குத் திரும்பும், விரிசல் விட்டால் குப்பைக்குப் போகும். தோய்ந்த அலகு கண்ணாடி போல் உடையும் நிலையில் இருப்பதால், 200 டிகிரிக்கும் 230 டிகிரிக்கும் இடையில், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்துப் பதம் தணிப்பார்கள். இதில் அவசரப்பட எந்த வழியும் கிடையாது. நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம்தான்.

பிறகு சாணை. பெல்ட் சாணையில் கடினமான அலகைத் தேய்க்கும்போது வெட்டுவாய் நீலம் பாரித்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். சாணைக் கோடுகளை நீக்கக் கையால் உப்புத்தாள் போடுவதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். 120ஆம் எண் சொரசொரப்புத் தாளில் தொடங்கி 220, 400 என்று நுண்மையான தாள்களுக்கு ஏறும்போது முந்தைய தாளின் ஒரு கோடு மிஞ்சினாலும் கீழிறங்கி மறுபடி தொடங்க வேண்டும். நீளமும் அகலமும் இரட்டிப்பானால் தேய்க்க வேண்டிய பரப்பு நான்கு மடங்கு. விரல் நுனிகள் மரத்துப்போகும் இந்த ஒரு வேலைக்கே ஒரு நாள் முழுதும் போய்விடும். பிடிக்கு ஒட்டும் பசை இறுக இன்னொரு நாள், தோலுறை தைக்க மற்றொன்று.

எல்லாம் சேர்த்து, பட்டறை வசதியுள்ள கைதேர்ந்தவருக்கே இப்படியொரு கத்திக்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்ச ஊதியமான மாதம் 1,700 ரிங்கிட்டை மணிக்குப் பிரித்தால் 8.72 ரிங்கிட், அந்த அடிமட்டக் கூலியைப் போட்டாலே, எஃகு, எரிவாயு, சாணைப் பெல்ட், பாழாகும் அலகுகள் எதையும் சேர்க்காமல், 349 ரிங்கிட் வருகிறது. கைவேலைக்காரருக்கு அதைப்போல் சில மடங்கு கேட்க உரிமை உண்டு. ஆகவே 1,800 என்ற விலையில் எனக்குக் குறையில்லை, சரியான கத்திக்கு அது நியாயமான விலைதான். பொய் இருந்தது காலத்தில். அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் வாரத்துக்கு நான்கைந்து பெரிய கத்திகள் முடிந்ததாகப் படம் ஏறுகிறது. 40 மணி நேர வேலையை ஒரே கை வாரத்தில் ஐந்து முறை செய்தால் 200 மணி நேரம். வாரம் முழுவதற்கும், தூக்கம் உட்பட, இருப்பதே 168 மணி நேரம்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கப்பட்ட கத்திக்கொல்லர் சங்கம் ஒன்று, தேர்ச்சிக்கு வருகிறவரின் கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டச் சொல்லி, கட்டையை வெட்டித் துண்டாக்கச் சொல்லி, அதன் பிறகும் கை மயிரை மழிக்கச் சொல்லி, கடைசியில் அலகை 90 டிகிரி வளைத்து ஒடியாமல் நிற்கிறதா என்று பார்க்கிறது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. உங்கள் அலகு உலையில் சிவந்திருக்கும்போதும், தோய்ச்சலுக்குப் பின் கடினம் ஏறியதைக் காட்ட அரம் பிடிக்காமல் வழுக்கும்போதும், பிடி ஒட்டுமுன் வால்பகுதி வெறுமையாகத் தெரியும்போதும் எடுத்த படங்களை, ஒரே அலகு என்று தெரியும்படி ஓர் அடையாளம் குத்திக் கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் இதைக் கேட்டால் மகிழ்வார். கெடாவில் நண்பர் அழைத்துப்போன ஒரு முதிய மலாய்க் கொல்லரிடம் கேட்டேன். "பாக் சிக் (மாமா), எப்போது கிடைக்கும்?" என்றதற்கு, ஹரி ராயா கழிந்து வா, அதுவரை வேறு இருவர் வேலை இருக்கிறது என்றார். முன்பணம் பற்றிப் பேசவே இல்லை.

இப்படி ஏமாந்தவர்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்தவில்லை என்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதுதான் சிக்கல். எனக்குக் கொடுக்கப்பட்ட வங்கிக் கணக்கு வேறொரு பெயரில் இருந்ததால், முதலில் போலீசில் புகார் செய்தேன். பணம் அனுப்புமுன் கணக்கு எண்மீது மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீசின் 'செமாக் மூல்' தளத்தில் தட்டிப் பார்ப்பது இலவசம். படிவம் நிரப்பத் தயங்குபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம்.

இதே கத்தி உங்களிடமும் இருந்தால், கோபத்தில் வெட்டிப் போட்டுவிடாதீர்கள், பழுதுபார்க்கவும் கொடுத்துவிடாதீர்கள். ஒட்டு இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் படமெடுத்து, குரல்பதிவுகளையும் பணம் செலுத்திய சீட்டையும் சேர்த்து வையுங்கள். சான்றாகக் காட்ட எடுத்துச் செல்ல நேர்ந்தால், போகவிருக்கும் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டு, அலகை அட்டையில் சுற்றிக் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்து, புகார் நகலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டப்படி கடும் குற்றம், அது 85 ரிங்கிட் பாராங்காக இருந்தாலும்.