பகலில் மலை, இரவில் விண்மீன்: கிரேட் பேசினா, டெய்டேவா, ஆவோராக்கியா?

ஒரே பயணத்தில் பகலெல்லாம் மலையில் நடந்து இரவெல்லாம் விண்மீன் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுவது சுலபம். போய் இறங்கிய பிறகுதான் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பது தெரியவரும். நடைக்கு நீண்ட பகல் வேண்டும், வானத்துக்கு நீண்ட இரவு வேண்டும். சிகரம் ஏற விடிவதற்கு முன்பே எழ வேண்டும், பால்வெளிக்காக நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். பனி இல்லாத பாதை கோடையில் கிடைக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களில் அதே கோடையில்தான் இருட்ட ஒன்பது, பத்து, பதினொன்று என்று நேரமாகிறது.

அதனால் எந்தப் பூங்காவில் இருட்டு அதிகம் என்ற கேள்வியில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. பேர்பெற்ற இடங்கள் எல்லாமே போதுமான இருட்டோடுதான் இருக்கின்றன. பகலெல்லாம் நடந்து கால் ஓய்ந்தவர் கண் அசருவதற்குள் அங்கே முழு இருட்டு வந்துவிடுமா? அந்த மாதத்தில் பாதையும் திறந்திருக்குமா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் மூன்று பூங்காக்களை இங்கே அலசுகிறேன்: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின், ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் டெய்டே, நியூசிலாந்தின் ஆவோராக்கி மவுண்ட் குக்.

மூன்றின் உச்சியும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். கிரேட் பேசினின் வீலர் சிகரம் 3,982 மீட்டர், டெய்டே 3,715, ஆவோராக்கி 3,724. ஆனால் அந்த எண்களை நம்பி முடிவெடுக்க முடியாது. வீலர் சிகரத்தில் நல்ல ஷூவும் மூச்சும் உள்ள யாரும் நடந்தே ஏறலாம். டெய்டேயின் உச்சிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆவோராக்கியோ பனிக்கோடரியும் கயிறும் பழகிய மலையேறிகளுக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

எப்போது இருட்டும்?

டிசம்பர் கடைசியில், அதாவது தென்பாதியின் நடுக்கோடையில், ஆவோராக்கியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதன் பிறகும் மேற்கே வெளிச்சம் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். முழு இருட்டு வர கிட்டத்தட்ட 11.45. மூன்றரை மணிக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். இடையில் நான்கு மணி நேர இருட்டுகூட இல்லை. பகலில் ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கியவர் அதுவரை விழித்திருப்பது கஷ்டம். பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பரில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் கதையே வேறு. மாலை ஏழு, ஏழரைக்குள் முழு இருட்டு. இரவு உணவை முடித்துவிட்டு வெளியே வந்தால் விருச்சிகமும் தனுசும் உச்சந்தலைக்கு மேலே ஏறி நிற்கும். பால்வெளியின் மையப்பகுதி அங்கே அடிவானத்திலிருந்து 75 டிகிரி வரை உயரும். அதே மையம் டெய்டேயில் 33 டிகிரிக்கு மேலும் கிரேட் பேசினில் 22 டிகிரிக்கு மேலும் போகாது. இது பெரிய வித்தியாசம். தாழ்வாக நிற்கும் பால்வெளியைத் தடித்த காற்றடுக்கின் ஊடாகப் பார்க்கிறோம், அதனால் மங்கித் தெரிகிறது. உச்சியில் நிற்கும்போது அதன் கரும் பிளவுகள், தூசுக் கிளைகள் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஜூலையில் அங்கே மேல்பாதைகள் பனியில் இருக்கும், பனிச்சரிவு அபாயமும் உண்டு. வானம் கிடைக்கிறது, மலை கிடைப்பதில்லை.

கிரேட் பேசினில் இந்த இழுபறி ரொம்பக் குறைவு. ஜூன் கடைசியிலேயே பத்து மணி சுமாருக்கு முழு இருட்டு வந்துவிடும். செப்டம்பர் நடுவில் எட்டரைக்கு முன்பே. அந்த நேரத்தில் தென்மேற்கில் தனுசு சாயத் தொடங்கியிருக்கும், பால்வெளி அங்கிருந்து எழுந்து தலைக்கு மேலாக வடகிழக்குவரை ஒரே வளைவாகப் போகும். மலைச்சாலையும் பொதுவாக அக்டோபர் வரை திறந்திருக்கும். எட்டரைக்குப் பார்க்க ஆரம்பித்து பத்தரைக்குப் படுத்து, விடியற்காலை ஐந்துக்கு எழுந்து சிகரத்துக்குக் கிளம்பலாம். மனித உடம்புக்கு ஒத்துவரும் அட்டவணை என்று இதைத்தான் சொல்வேன்.

டெய்டே நடுவில் நிற்கிறது. கோடையில் முழு இருட்டு வர 10.40 ஆனாலும், குளிர்காலத்திலும் பெரும்பாலான பாதைகளில் நடக்க முடிவதால் மாதத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

மேகம் எங்கே நிற்கிறது?

மூன்று இடங்களில் மேகத்தை நான் பெரிதாக நம்புவது டெய்டேயில்தான். வடகிழக்கிலிருந்து வீசும் ஈரமான வணிகக் காற்று தீவின் மீது மோதி மேகமாகிறது. ஆனால் அதற்கு மேலே வெப்பமான, வறண்ட காற்றடுக்கு ஒன்று மூடிபோல உட்கார்ந்திருப்பதால் மேகம் மேலே ஏற முடிவதில்லை. பெரும்பாலான நாட்களில் அது ஆயிரத்துக்கும் இரண்டாயிரம் மீட்டருக்கும் இடையிலேயே பரந்துகிடக்கும். பூங்காவின் பெரிய எரிமலைக் கிண்ணமோ இரண்டாயிரத்துக்கு மேலே இருக்கிறது. கீழே கடற்கரையில் மூட்டமாக இருந்தால் மேலே வானம் தெளிவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். கடற்கரை ஊர்களின் விளக்கொளியையும் அந்த மேகமே மறைத்துவிடுகிறது. சுமார் 2,390 மீட்டர் உயரத்தில் இசான்யாவில் வானாய்வகம் அமைத்ததற்கும் இந்த அமைப்புதான் காரணம். அந்தத் தீவுக்கூட்டத்து வானாய்வகங்களைக் காக்க ஸ்பெயின் 1988-ல் ஒரு வானச் சட்டமே இயற்றியது. தெருவிளக்கு மட்டுமல்ல, ரேடியோ அலை, விமானப் பாதை வரை அதன் கட்டுப்பாட்டில் வருகின்றன.

டெய்டேவுக்கு ஒரே எதிரி கலிமா, சஹாராவிலிருந்து வரும் தூசுக்காற்று. அது வீசினால் வானம் பழுப்பேறிவிடும், மேகமே இல்லாமலும் விண்மீன்கள் காணாமல் போகும். சில நாட்களில் தானாகக் கலைந்துவிடும்.

ஆவோராக்கியின் பிரச்சினை மழை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. மவுண்ட் குக் கிராமத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காரில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளியிருக்கும் டெகாப்போ ஏரிக்கரையில் 600 மில்லிமீட்டர் சுமார். மலையின் மழைமறைவு அது. கேன்டர்பரி பல்கலைக்கழகம் 1965-ல் மவுண்ட் ஜான் வானாய்வகத்தை மலையடிவாரத்தில் வைக்காமல் டெகாப்போவில் வைத்ததைப் பார்த்தாலே நாம் இரவை எங்கே கழிக்க வேண்டும் என்பது புரியும். ஆவோராக்கி மெக்கென்சி இருள்வானக் காப்பகம் 2012-ல் அங்கீகாரம் பெற்றபோது பூங்காவும் டெகாப்போ வட்டாரமும் சேர்ந்தே 4,367 சதுர கிலோமீட்டராக அதற்குள் வந்தன. எனவே கிராமத்தில் மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள் முடங்காமல் டெகாப்போவுக்கு வண்டியைத் திருப்புங்கள். இன்னொன்று, கிராமத்தைச் சுற்றி மலைகள் செங்குத்தாக எழுவதால் வானத்தின் ஓரங்கள் மறைந்துவிடும். டெகாப்போவில் அந்தத் தொல்லையும் குறைவு.

கிரேட் பேசின் பாலைவன மலை, காற்று வறண்டது. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை திரளும், அது மட்டும் கவனம். நண்பகலுக்குள் சிகரத்து முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். மின்னலுக்கு அங்கே ஒதுங்க இடமே கிடையாது.

நடை

வீலர் சிகரப் பாதை போய்வர சுமார் 13.8 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொடங்கும் இடமே 3,100 மீட்டர் என்பதால் ஏற்றத்தைவிட மூச்சுதான் சோதிக்கும். அவ்வளவு வேண்டாம் என்றால் ஸ்டெல்லா, தெரசா ஏரிகளைச் சுற்றிவரும் நாலேகால் கிலோமீட்டர் பாதை போதும்.

என்னைக் கேட்டால் சிகரத்தைவிட பிரிஸ்டில்கோன் பைன் தோப்புக்குத்தான் முதலில் போகச் சொல்வேன். வெறும் கல்மேட்டில், மற்ற மரங்கள் தலைகாட்ட யோசிக்கும் இடத்தில் அவை நிற்கின்றன. மரத்தின் பெரும்பகுதி செத்து, காற்றும் பனித்துகளும் தேய்த்துத் தேய்த்துத் தந்தம்போல வழவழப்பாகியிருக்கும். ஒரு பக்கம் கையகலப் பட்டை மட்டும் கீழிருந்து மேலே முறுக்கிக்கொண்டு போகும். அந்தப் பட்டை வழியாக நீர் ஏறி, உச்சியில் ஒரு கிளை பச்சையாக இருக்கும். விரலால் தொட்டால் வரிகள் மிக நெருக்கமாகத் தெரியும், ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் பருமன் கூடுகிறது. இதே மலையில் 1964-ல் ஆராய்ச்சிக்காக அனுமதியோடு வெட்டப்பட்ட புரோமிதியஸ் என்ற மரத்தில் 4,800-க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. வெட்டிய பிறகுதான் அதன் வயது தெரிந்தது. அந்த இழப்பை நினைக்காமல் அந்தத் தோப்பில் நடக்க முடியாது.

டெய்டேயில் ரோக்கஸ் தெ கார்சியா பாறைகளைச் சுற்றும் மூன்றரை கிலோமீட்டர் பாதையைக் குழந்தைகளோடும் நடக்கலாம். உச்சிக்கு கேபிள் கார் 2,356 மீட்டரிலிருந்து 3,555 மீட்டர் வரை கொண்டுபோய் விடும், காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலே கடைசிப் பாதைக்கு முன்பதிவு அனுமதி கட்டாயம். பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கவும் பாதையை விட்டு விலகி நடக்கவும் தடை. இரவு தங்க, கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும் அரசு விடுதியான பாரடோர் இருக்கிறது, இல்லையென்றால் வெளியே விலாஃப்ளோர் கிராமம். பூங்காவைக் குறுக்காக வெட்டிப் போகும் நெடுஞ்சாலையில் இரவிலும் வண்டிகள் வரும். ஒவ்வொரு ஹெட்லைட்டும் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கலைத்துவிடும். அது திரும்ப இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். சாலையோர வாகன நிறுத்தத்தில் நிற்காமல், பாதை வழியே பாறைக்குப் பின்னால் நூறடி நடந்து போய் நின்றாலே பெரிய நிம்மதி.

ஆவோராக்கியில் ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை போய்வர சுமார் 10 கிலோமீட்டர், பெரிதாக ஏற்றமில்லை, முடிவில் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி. கிளம்பும் முன் முழுப் பாதையும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீலி டார்ன்ஸ் என்ற மலைக்குளங்களுக்கு ஏறுவது 2,200 படிகள். அதற்கு மேலே 1,800 மீட்டரில் மியூலர் குடில். அங்கே இரவு தங்க இடம் கிடைத்தால் பாதையும் வானமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கேயா கிளிகள் ஷூவின் ரப்பரைக் கொத்திப் பிய்த்துவிடும், ஷூவை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. கண்ணின் இரவுப் பார்வைக்கு ஆக்ஸிஜன் நிறையத் தேவை. மூவாயிரம் மீட்டரில் அது குறைவதால் மங்கலான விண்மீன்கள் சிலருக்குத் தெரியாமல் போகும். கிரேட் பேசினில் வீலர் முகாம் சுமார் 3,000 மீட்டரில் இருக்கிறது. முதல் இரவே அங்கே போய்த் தலைவலியோடு படுப்பதைவிட, 2,080 மீட்டர் சுமாரில் இருக்கும் லேமன் குகை வட்டாரத்தில் தங்கி அங்கிருந்தே பார்ப்பது நல்லது. கோடையில் பூங்கா ஊழியர்கள் தொலைநோக்கி வைத்துக் காட்டும் வானியல் அரங்கமும் அங்கேதான் இருக்கிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

நடையும் வானமும் சரிபாதியாக வேண்டும் என்றால் கிரேட் பேசின், செப்டம்பர், அமாவாசையை ஒட்டிய வாரம். தயங்க வேண்டிய ஒரே காரணம் தூரம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் நாலு மணி நேரம், லாஸ் வேகஸிலிருந்து அதற்கும் மேல். வாசலில் இருக்கும் பேக்கர் மிகச் சின்ன ஊர், பெட்ரோலும் சாப்பாடும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வயதான பெற்றோரோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் டெய்டே. அதிகம் நடக்க முடியாதவர்களும் கேபிள் காரில் உச்சிக்கு அருகில் போய்வரலாம், தெளிவான வானத்துக்கான வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

வானம்தான் முதல், நடை அப்புறம் என்பவர்கள் ஆவோராக்கி போங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்சிலுவை தெரியும், ஆனால் மெகல்லன் மேகங்கள் (மேகத் துண்டுபோலத் தெரியும் இரண்டு குட்டி கேலக்ஸிகள்) அடிவானப் புழுதியோடு கலந்துபோகும். ஆவோராக்கியில் அந்த இரண்டு கேலக்ஸிகளும் தென்சிலுவையும் மறைவதே இல்லை, வருஷம் முழுக்க இரவெல்லாம் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மலையையும் முழுக்க விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஏப்ரல் நடு சரியாக வரும். அதற்குள் கோடை நேரக் கணக்கு முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னால் போயிருக்கும், ஏழே முக்காலுக்கு முழு இருட்டு. பாதைகளும் பெரும்பாலும் பனி மூடாமல் இருக்கும். மியூலர் குடிலுக்கு அந்த மாதத்திலும் முன்பதிவு வேண்டும். அமாவாசை தேதியை முதலில் பார்த்து, அதையொட்டிக் குடிலைப் பிடித்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். மழைக்காக டெகாப்போவில் இரண்டு இரவு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.