மணலா, ரோடா, கடலா: ராமநாதபுரம் கரையில் எதை வைத்து உடம்பைத் தேற்றுவது?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கடுமையானது என்றால் 75 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. இந்த நிமிடங்களை எங்கே போய்ச் செலவழிப்பது என்பதுதான் பேச்சு. ஜிம்மை விட்டுவிடுவோம், அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் மணல். காய்ந்த மணலில் நடந்தால், அதே வேகத்தில் ரோட்டில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், ஏனென்றால் கால் புதைந்து புதைந்து எழுவதிலேயே உழைப்பில் பாதி போய்விடுகிறது. அரியமான் பீச்சில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள், தெரியும். ஆனால் "மணல் மெத்தென்று இருக்கிறது, காலுக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. முழங்காலுக்கு அதிர்ச்சி குறையும், உண்மை. அந்தப் பாரம் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் போய்விடும். ஏற்கெனவே குதிகால் வலி இருக்கிறவர் வெறுங்காலோடு காய்ந்த மணலில் இறங்கினால் வலியை விலை கொடுத்து வாங்குகிறார். அலை வந்து போகும் ஈரமணல் இறுகிக் கிடக்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் இடம். கரை கடலை நோக்கிச் சரிவதால் ஒரு பக்கமாகவே நடந்தால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும், அதனால் போன வழியிலேயே திரும்புங்கள். அறுந்த வலை, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் கிடக்கும் கரைகளில் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

ரோடு என்றால் தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் ரோடுதான், 2017-ல் திறந்தது, ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். மேடு பள்ளமே இல்லை, இருபக்கமும் கடல். காற்றுதான் அங்கே மேடு! போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வைத்துக்கொண்டால் களைத்த பிறகு தள்ளிவிட ஆள் இருக்கும். கால் தரையில் அடிபடுவதால் எலும்புக்கு வலு, அது நீச்சலில் கிடைக்காது. நிழல் கிடையாது, வேன்கள் வேறு பறக்கும். அஞ்சு கிலோமீட்டர் அசராமல் நடக்கிறவர்கள் மட்டும் இங்கே ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கடலைச் சொல்லவே வேண்டாம், தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் கனத்த உடம்புக்கும் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் காற்றைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்: தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், வாடை அடித்தால் பாக் விரிகுடா பக்கம். இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே எப்போதும் கூடாது. நீச்சல் வீரர் மிஹிர் சென் 1966-ல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தாரே என்று கேட்பார்கள். கடற்படைக் கப்பல் கூடவே வந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாற்பது தாண்டி இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் என் ஓட்டு ஈரமணலுக்கு, வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி. மற்ற இரண்டு நாள் தசைக்கு: தண்டால், பஸ்கி, எது முடிகிறதோ அது. நீச்சல் தெரிந்தவர்கள், துணைக்கு ஆளோடு கடலுக்குப் போகட்டும்.

நடந்து முடித்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். பதநீர் சீசனில் ஒரு சொம்பு ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நடந்து கரைத்ததில் பெரும்பகுதி சர்க்கரையாகத் திரும்பி ஏறிவிடும்.