புது காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா? ரெண்டு கார்ல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

தங்கச்சி வீட்டுக்காரர் அடுத்த வாரம் புது கார் டெலிவரி எடுக்கிறாரு. ஷோரூம்ல குடுத்த கொட்டேஷன போட்டோ எடுத்து அனுப்பி, "மச்சான், எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு 24 ஆயிரம் போட்டிருக்காங்க, இது வேணுமா வேணாமா?"ன்னு கேட்டாரு. கார் கம்பெனி குடுக்குற வாரண்டி முடிஞ்சப்புறமும் ரிப்பேர் செலவ ஏத்துக்கணும்னு தனியா காசு கட்டி வாங்குறதுதான் இது. போன்ல அரை மணி நேரம் பேசினேன், அப்பவும் முழுசா சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் இத ரெண்டு தடவ வாங்கியிருக்கேன், ஒரு தடவ குடுத்த காசு அப்படியே போச்சு, இன்னொரு தடவ பெரிய செலவுலருந்து தப்பிச்சேன்.

முதல் கார் 2016ல எடுத்தது, சின்ன ஹேட்ச்பேக், ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச் மிதிக்காம தானா மாறுறது. டெலிவரி அன்னிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்த டயர்ல வச்சு ஏத்தி, சாவி கைக்கு வர்ற சந்தோஷத்துல எந்தப் பேப்பர்ல கையெழுத்து போடுறோம்னு யாரும் பாக்குறதில்ல, நானும் பாக்கல. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குன்னு காசு வாங்கிட்டு ஒரு கார்டு குடுத்தாங்க, ஆர்சி புக்கோட சேத்து பீரோல வச்சுட்டேன். நாலாவது வருஷம் மதுரை சிம்மக்கல் சிக்னல்ல வண்டி நியூட்ரல்லயே நின்னுருச்சு, கியரே விழல, பின்னாடி பஸ்காரர் ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறாரு. டோ பண்ணி கொண்டுபோனா கியர மாத்திவிடுற ஆக்சுவேட்டர்ங்குற பார்ட் போச்சு, 40 ஆயிரத்துக்கு மேல ஆகும்னாங்க. கார்டை எடுத்து நீட்டுனேன். வண்டியோட அடையாளமான சேசிஸ் நம்பர கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "சார், எங்க சிஸ்டத்துல உங்க வண்டிக்கு 2 வருஷ வாரண்டி மட்டும்தான் இருக்கு, அது எப்பவோ முடிஞ்சிருச்சு"ங்குறாரு சர்வீஸ் அட்வைசர்.

அப்பதான் தெரிஞ்சுது அந்தக் கார்டு கார் கம்பெனியோடது இல்ல, ஷோரூம் வேற ஒரு கம்பெனியோட சேந்து வித்தது. அவங்களுக்குப் போன் போட்டா ஒரு ரிப்பேருக்கு 15 ஆயிரம்தான் உச்சவரம்பாம், அதுலயும் ஒரு ஆயில் சர்வீஸ வெளி மெக்கானிக்கிட்ட பண்ணியிருக்கீங்க, அதனால அதுவும் கிடையாதாம். வாங்கும்போது இதுல ஒரு வார்த்தை யாரும் சொல்லல. மொத்தப் பணத்தையும் நான்தான் கட்டினேன், அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல. ஷோரூம் பேர எழுதல, ஏன்னா இந்த மாதிரி கார்டு பல இடத்துல விக்கிறாங்க. கார் கம்பெனியோடது, இப்படி வெளிக் கம்பெனியோடது, ரெண்டையும் எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு ஒரே பேர்லதான் சொல்லுவாங்க, யாரோட வாரண்டிங்குறத முதல்ல கேளுங்க. இப்படித் தப்பா சொல்லி உங்க தலையில கட்டிட்டாங்கன்னா சும்மா விடாதீங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் குடுங்க.

ரெண்டாவது கார் 2021ல எடுத்தேன், டர்போ பெட்ரோல், டிசிடிங்குற ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர். இந்தத் தடவ கார் கம்பெனியோட வாரண்டிதான் வேணும்னு கேட்டு, 3 வருஷத்துக்கு மேல 2 வருஷம் போட்டேன், ஜிஎஸ்டி சேத்து 19,800. பில்லோட விடல, ஒரு வாரம் கழிச்சு கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி சேசிஸ் நம்பர் சொல்லி, வாரண்டி எந்தத் தேதி வரைக்கும் ஏறியிருக்குன்னு கேட்டு எழுதி வச்சுக்கிட்டேன். தயவுசெஞ்சு இத எல்லாரும் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

போன ஏப்ரல்ல மதுரையிலருந்து கோயம்புத்தூர் போறோம், ஒட்டன்சத்திரம் தாண்டுனதும் ஏசி சூடா அடிக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா பின் சீட்ல முந்தானையால வீசிக்கிட்டே வந்தாங்க, அவங்களுக்கு பிபி வேற, எனக்கு ரோட்டுல கண்ணே நிக்கல. மறுநாள் கோயம்புத்தூர்லயே அதே கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டேன். அட்வைசர் நீல டார்ச் ஒண்ண அடிச்சு, ஏசி தண்ணி வெளிய வர்ற ட்யூப் வாயில லீக்க காட்டுற சாயம் பச்சையா மினுங்குறத காட்டுனாரு, கூலிங் காயில் லீக். அத மாத்த டேஷ்போர்டு முழுக்க இறக்கணும். சாயந்தரம் போய்ப் பாத்தா ஸ்டியரிங், மீட்டர், ஸ்க்ரீன் எல்லாம் பின் சீட்ல துணி விரிச்சு அடுக்கியிருக்கு, முன்னாடி வயரெல்லாம் கொத்துக் கொத்தா தொங்குது, பாத்துப் பாத்து வச்சிருந்த வண்டிய அந்தக் கோலத்துல பாக்க மனசு தாங்கல. ஆனா வேலைய சுத்தமா முடிச்சாங்க, இன்னி வரைக்கும் டேஷ்ல ஒரு கிரீச் சத்தம் கிடையாது. பார்ட்டும் லேபரும் சேத்து 26 ஆயிரத்து சொச்சம், நான் கட்டினது கேஸும் ஆயிலும் மட்டும், 2,300. பழைய சர்வீஸ் எல்லாம் நேரத்துக்கு ஏறியிருக்கான்னு சிஸ்டத்துல ஒண்ணொண்ணா பாத்துட்டுத்தான் அப்ரூவல் வந்துச்சு, ஒண்ணு விட்டுப்போயிருந்தாலும் இழுத்திருப்பாங்க.

இத வச்சு எல்லாரும் கண்ண மூடிட்டு போடுங்கன்னு சொல்லமாட்டேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், டயர் மாதிரி தேயுற சாமான் எதுவும் இதுல வராது. எலி வயர கடிச்சா வராது. வெளிக்கடையில ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம் மாட்ட வயர வெட்டி ஒட்டுனீங்கன்னா அந்த எலக்ட்ரிக்கல் க்ளைம்ல கண்டிப்பா பிரச்சினை பண்ணுவாங்க. தண்ணி புகுந்து இன்ஜின் போனாலும் வாரண்டி கிடையாது, சாதா இன்சூரன்ஸும் அதுக்குக் கைகொடுக்காது, இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா ஆட்-ஆன் போடணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில எத்தனை கார் முங்குச்சுன்னு பாத்தோமே. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருக்கவங்க கையில இருக்க காச முதல்ல அந்த ஆட்-ஆனுக்குப் போடுங்க, வாரண்டி அப்புறம்.

அதுபோக இப்ப கம்பெனி வாரண்டியே கூடிப்போச்சு. மாருதில முன்ன 2 வருஷம் 40,000 கிலோமீட்டர்தான், 2024 ஜூலைலருந்து 3 வருஷம் இல்லன்னா 1 லட்சம் கிலோமீட்டர். அப்ப நீங்க காசு குடுத்து வாங்குறது மூணு வருஷத்துக்கு மேல வர்ற காலத்த மட்டும்தான், மூணு வருஷத்துல வண்டிய மாத்துற ஆளுக்கு அது எதுக்கு? சாதா பெட்ரோல், மேனுவல் கியர், ஓட்டமும் கம்மின்னா அந்தக் காச பேங்க்ல ஆர்டில (மாசாமாசம் கட்டுற சேமிப்பு) போடலாம். டர்போ, ஆட்டோமேட்டிக், சன்ரூஃப், பெரிய ஸ்க்ரீன்னு இருந்து ஆறேழு வருஷம் வச்சு ஓட்டப் போறீங்கன்னா போடுங்க, ஒரே ஒரு பார்ட் போனாலும் கையக் கடிக்கும். கிலோமீட்டர் கணக்கயும் பாருங்க, வருஷம் 30,000 ஓட்டுறவருக்கு 1 லட்சம் வரம்பு மூணரை வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும், அஞ்சு வருஷம்னு பேப்பர்ல இருந்து என்ன புண்ணியம்.

மாப்ள எடுக்கிறது மேனுவல் பெட்ரோல், ஆபீஸுக்கு போக வர 14 கிலோமீட்டர். நான் இப்ப வேணாம்னுட்டேன், பெரும்பாலும் கம்பெனி வாரண்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணாலும் போடலாம், ரேட் கொஞ்சம் கூடும், பரவாயில்ல. ஷோரூம்ல முதல்ல இது பேக்கேஜ், எடுக்க முடியாதுன்னாங்களாம். கார் கம்பெனி கட்டாயம்னு சொல்லுதுன்னா அத எழுத்துல குடுங்கன்னு கேக்கச் சொன்னேன். நேத்து சாயந்தரம் புது கொட்டேஷன் வந்துருச்சு, அந்த லைன் அதுல இல்ல.